ஸ்பெகுலாஸ் பிஸ்கட்டும் ஒரு கடைசி பெஞ்ச் கேள்வியும்



போன ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட பிஸ்கட் படத்தைப் பார்த்துவிட்டு, "சார், நீங்களா? அடுப்படியிலா?" என்று ஆளாளுக்குக் கேட்டுவிட்டீர்கள். நானேதான். செய்முறை கேட்டவர்களுக்குக் கீழே எழுதியிருக்கிறேன். அதற்கு முன் ஒரு பழைய பாக்கி இருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம், டீயோடு உட்காருங்கள்.

எட்டாம் வகுப்புப் பாடம் ஞாபகம் இருக்கிறதா? "நறுமணப் பொருட்களைத் தேடி ஐரோப்பியர் இந்தியாவுக்கு வந்தனர்." முப்பது வருடத்துக்கு மேல் இந்த ஒரு வரியைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஒரு வருடம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "மசாலா வேணும்னா காசு கொடுத்து வாங்கிட்டுப் போகலாமே சார், கோட்டை எதுக்குக் கட்டினாங்க?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. "பரீட்சைக்கு வராததை எல்லாம் கேட்காதே, உட்கார்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் அதற்குப் பிறகு என் பாடவேளையில் கேள்வியே கேட்கவில்லை.

இரண்டு வருடம் முன்பு மகள் வீட்டுக்கு நெதர்லாந்து போயிருந்தோம். டிசம்பர் 5 அங்கே சின்டர்கிளாஸ் திருநாளின் மாலை. குழந்தைகளுக்குப் பரிசும் தின்பண்டமும் கொடுப்பார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு மர அச்சோடு வந்து என் பேத்திக்கு ஸ்பெகுலாஸ் செய்யக் கற்றுக்கொடுத்தார். பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், சுக்கு, ஏலம், வெள்ளை மிளகு எல்லாம் போட்ட மொறுமொறு பிஸ்கட். அச்சில் மாவு ஒட்டாமல் இருக்க என்ன தூவினார் தெரியுமா? அரிசி மாவு! எங்கள் வீட்டம்மாவுக்கு அதைப் பார்த்ததும் ஒரே சந்தோஷம். அடுப்பில் வேக ஆரம்பித்ததும், "என்னங்க, நம்ம பிரியாணி மசாலா வாசனை வருது" என்றார்கள். (குக்கி என்ற சொல்லே டச்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனதுதான். நமக்கும் அவர்கள் இரண்டு சொல் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று துட்டு, இன்னொன்று கக்கூஸ்!)

குளிர் நாட்டில் ஜாதிக்காய் ஏது என்று யோசித்தபோதுதான் அந்தப் பையன் ஞாபகத்துக்கு வந்தான். ஊர் திரும்பியதும் படிக்க ஆரம்பித்தேன்.

அந்தக் காலத்தில் உலகத்துக்கே ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் ஒரே இடத்திலிருந்துதான் வந்தன. இந்தோனேசியாவின் பண்டாத் தீவுகள். வரைபடத்தில் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டிய புள்ளிகள். அந்த மக்கள் ஜாவாக்காரர், மலாய்க்காரர், அரபிகள் என்று யார் வந்தாலும் விற்றார்கள். பதிலுக்குக் கேட்டது அரிசியும் துணியும். துணி என்றால் அங்கே கிராக்கி நம் சோழமண்டலக் கரைத் துணிக்குத்தான். 1602-இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டது. ஜாதிக்காய் வேண்டுமானால் முதலில் துணி வேண்டும். 1610-இல் பழவேற்காட்டுக்கு வந்தார்கள், 1613-இல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. மசாலா விளையாத ஊரில் மசாலா வியாபாரிக்குக் கோட்டை எதற்கு என்பதற்குப் பாதி பதில் இது.

மீதிப் பதில்தான் கசப்பு. பண்டா ஊர்ப் பெரியவர்களிடம் "எங்களுக்கு மட்டுமே விற்பீர்கள்" என்று கம்பெனி ஒப்பந்தம் எழுதி வாங்கியது. டச்சுக்காரர் கொடுத்த விலையோ குறைவு. அவர்கள் கொண்டுவந்த கம்பளித் துணி அந்த வெயிலுக்கு ஆகுமா? தீவு மக்கள் பழையபடி ஆங்கிலேயருக்கும் ஜாவாக்காரருக்கும் விற்றார்கள். 1621-இல் யான் பீட்டர்சோன் கூன் என்ற கவர்னர் ஜெனரல் படையோடு வந்து இறங்கினார். ஊர்ப் பெரியவர்கள் 44 பேரை, கூலிக்கு அமர்த்திய ஜப்பானிய வாள் வீரர்களை வைத்து வெட்டினார்கள். தீவுகளில் சுமார் 15,000 பேர் இருந்ததாகக் கணக்கு. கொலையிலும் பசியிலும் நாடுகடத்தலிலும் போக, மிஞ்சியவர் ஆயிரம் பேர் அளவில்தான். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை மீறினார்கள் என்பதுதான் அவர்கள் செய்த குற்றம்.

ஆள் போன பிறகு மரத்தை யார் பார்ப்பது? தோப்புகளைத் துண்டு துண்டாகப் பிரித்து டச்சுக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். வேலைக்கு அடிமைகளை இறக்கினார்கள். பல கரைகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். நம் கரையிலிருந்தும்தான்! பழவேற்காட்டிலிருந்தும், பிறகு நாகப்பட்டினத்திலிருந்தும், பஞ்சமும் போரும் வந்த காலங்களில் ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். ஜாவாவின் பட்டாவியாவுக்கும் இலங்கைக்கும் போனவர்கள் அதிகம். 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பக்கம் பஞ்சத்தில் தன்னையும் பிள்ளைகளையும் விற்றவர்கள் அதில் உண்டு. இதைப் படித்த அன்று எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

ஏனென்றால் உங்களில் இரண்டு செட் மாணவர்களைச் சுற்றுலாவுக்குப் பழவேற்காடு கூட்டிப்போனது நான்தான். டச்சுக் கல்லறை வாசலில் செதுக்கிய எலும்புக்கூட்டைப் பார்த்து நீங்கள் பயந்தீர்கள். "டச்சுக்காரர்கள் வியாபாரம் செய்ய வந்தார்கள்" என்று சொல்லிவிட்டுப் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தேன். அந்தக் கரையிலிருந்து நம் ஆட்களும் போனார்கள் என்று எனக்கும் அப்போது தெரியாது.

ஜாதிக்காய் விதை வேறெங்கும் முளைத்துவிடக் கூடாது என்று சுண்ணாம்பில் தோய்த்துத்தான் வெளியே அனுப்பினார்கள். பண்டாவில் ரன் என்ற குட்டித் தீவு ஆங்கிலேயர் பாத்தியத்தில் இருந்தது. 1667 பிரெடா உடன்படிக்கையில் அது டச்சுக்காரருக்கு வந்தது, அமெரிக்காவில் மன்ஹாட்டன் ஆங்கிலேயருக்குப் போனது. இன்று ஜாதிக்காய் குற்றாலத்துத் தோட்டங்களிலும் கேரளத்து வீட்டு முற்றங்களிலும் காய்க்கிறது. பட்டையின் கதை இலங்கையோடு சேர்ந்தது. கொழும்பில் இன்றும் கறுவாத்தோட்டம் என்று ஓர் இடம் இருக்கிறது. அதைத் தனிப் பதிவாகத்தான் எழுத வேண்டும்.

கூன் பிறந்த ஊர் ஹோர்ன். 1893-இல் வைத்த அவர் சிலை அங்கே சதுக்கத்தின் நடுவில் நிற்கிறது. போன குளிர்காலத்தில் மறுபடி போனபோது பார்த்துவிட்டு வந்தேன். 2011-இல் ஒரு கிரேன் இடித்துச் சிலை விழுந்ததாம். திரும்ப வைக்கும்போது பண்டாவில் நடந்ததையும் சொல்லும் பலகை ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். பேத்தி, "இந்தத் தாத்தா நல்லவரா கெட்டவரா?" என்று கேட்டாள். உட்கார் என்று சொல்லவில்லை. ரயிலில் திரும்பும் வழியெல்லாம் பண்டாக் கதையைச் சொன்னேன். நிறையக் கேள்வி கேட்டாள்.

இப்போது செய்முறை. மைதா 250 கிராம், நாட்டுச் சர்க்கரை 150, குளிர்ந்த வெண்ணெய் 125, உப்பு சிட்டிகை, சமையல் சோடா கால் தேக்கரண்டி, பால் இரண்டு மேசைக்கரண்டி. மசாலா: பட்டைத்தூள் 2 தேக்கரண்டி, கிராம்பும் ஜாதிக்காயும் அரை அரை, சுக்கு கால், ஏலமும் வெள்ளை மிளகும் ஒவ்வொரு சிட்டிகை. ஜாதிக்காயை அப்போதே துருவினால்தான் வாசனை. உதிரியாகப் பிசிறி, பால் விட்டுச் சேர்த்து, அதிரச மாவு மாதிரி ஓர் இரவு வைத்துவிடுங்கள், ஃபிரிஜ்ஜில். அவசரப்பட்டு அன்றே சுட்டால் மசாலா தனியாக, மாவு தனியாக நிற்கும். நான் முதல் முறை அப்படித்தான் சுட்டேன். மறுநாள் அரிசி மாவு தூவிய அச்சில் அழுத்தி, மேலே மிஞ்சியதைக் கத்தியால் வழித்து, தட்டி எடுங்கள். அச்சு இல்லையென்றால் தேய்த்து வெட்டினாலும் போதும். 170 டிகிரியில் 20 நிமிடம். வெளியே எடுக்கும்போது மெத்தென்று இருக்கும், ஆறினால் மொறுமொறுப்பாகிவிடும். கடையில் பிஸ்காஃப் என்று வாங்குகிறீர்களே, அது இதற்குப் பெல்ஜியத்துத் தம்பி, மசாலா குறைவு.

அந்தக் கடைசி பெஞ்ச் மாணவன் ஓசூர் பக்கம் இருப்பதாகக் கேள்வி. பெயரை இங்கே எழுதவில்லை, அந்த வருடத்து ஆட்களுக்குத் தெரியும். யாரிடமாவது நம்பர் இருந்தால் இந்தப் பதிவை அவனுக்கு அனுப்புங்கள். வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். டப்பாவில் இன்னும் பிஸ்கட் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் சார்