மண் புறாவும் முல்லோயா கோவிந்தனும்

'ட்ராப்' துப்பாக்கி சுடுதல்ல அந்த 'ட்ராப்' என்ன தெரியுமா? புறாவை அடைத்துவைத்த பெட்டி. அதைத் திறந்து, பறக்கும் புறாவைச் சுடுவது பணக்காரர்களின் பொழுதுபோக்கு. 1880இல் அமெரிக்கர் ஜோர்ஜ் லிகோவ்ஸ்கி புறாவுக்குப் பதிலாகக் களிமண் தட்டைக் கொண்டுவந்தார். ஆனாலும் 1900 பாரிஸ் போட்டிகளில் உயிருள்ள புறாக்களும் சுடப்பட்டன.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ராப் சுட்ட பிருத்விராஜ் தொண்டைமான் புதுக்கோட்டை அரச குடும்பத்தவர். நிவித்திகல பக்கத்துத் தோட்டங்களில் இருக்கிற நம்மில் பலருடைய பூட்டன்மாரும் புதுக்கோட்டை, திருச்சிப் பக்கத்து ஆட்கள்தான். ஆனா அவங்க கையில துப்பாக்கி இல்ல. அது துரையிடமும் பொலிஸிடமும் இருந்தது. 1940 ஜனவரியில், முல்லோயா தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டு கோவிந்தன் இறந்தார்.

புறாவுக்குப் பதிலா மண் தட்டு வந்து 60 வருஷம் ஆகியிருந்தது.