பொம்மைப் பொட்டலமும் ஓரணாச் சோறும்

பெருநாள் காசு கையில் சேர்ந்ததும் இராயபுரத்துப் பிள்ளைகளும் தண்டையார்ப்பேட்டைப் பிள்ளைகளும் எந்தக் கடைக்குப் போகவேண்டும் என்று அடம்பிடிப்பார்கள் என்பதைப் பெற்றோர் அனைவரும் அறிவர். வறுத்த கோழி, உருளைக்கிழங்கு வறுவல், குளிர்பானம், கூடவே ஒரு பொம்மை. அத்தா கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "இறைச்சி ஹலாலா?" சுவரில் தொங்கும் சான்றிதழைக் காட்டுவார்கள், பேச்சு அத்துடன் முடிந்துவிடும்.

திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 168ஆம் வசனம் உணவைப் பற்றிப் பேசும்போது 'ஹலால்' என்னும் சொல்லைத் தனித்து விடவில்லை. 'தய்யிப்' என்பதையும் அதனருகே வைக்கிறது. ஒன்று அனுமதிக்கப்பட்டது, மற்றொன்று தூயது, நலம் தருவது. அவ்வசனம் முஸ்லிம்களை மட்டுமன்றி மனிதர் அனைவரையும் விளித்துப் பேசுகிறது என்பதும் கருதத்தக்கது. இந்த இரண்டாம் கேள்வியை விரைவு உணவு நிறுவனங்களை நோக்கி உலகம் எப்போது கேட்கத் தொடங்கியது, அவை என்ன விடை கூறின, அதே காலத்தில் நம் வடசென்னைப் பிள்ளைகளின் தட்டில் என்ன நிகழ்ந்தது என்பவற்றை இக்கட்டுரையில் பார்ப்போம்.

சிறுவர்க்கான தனிப் பொட்டலம் என்னும் எண்ணம் பிறந்தது அமெரிக்காவில் என்று பலரும் எண்ணுகிறோம். அதன் வேர் குவாத்தமாலாவில் இருக்கிறது. அந்நாட்டில் மெக்டொனால்ட்ஸ் உணவகத்தை நடத்திவந்த யோலாண்டா பெர்னாண்டஸ் தெ கோஃபிஞோ என்னும் பெண்மணி, பெரியவர்களுக்கான அளவைச் சிறுவர்களால் உண்டு முடிக்க இயலாததைக் கண்டு, 1970களின் நடுவில் அவர்களுக்கெனச் சிறிய அளவில் ஓர் உணவுத்தொகுப்பை வகுத்தார். சிறிய வயிற்றுக்குச் சிறிய பங்கு என்பதே அதன் உட்பொருள். 1979இல் நிறுவனம் அதனை அமெரிக்காவெங்கும் 'ஹேப்பி மீல்' என்று அறிமுகப்படுத்தியது. அதன் பின்னர்ப் பிள்ளைகள் கடைக்குள் ஓடியது பொம்மைக்காகத்தான். உணவு பொம்மையின் பின்னால் வந்தது.

பொம்மையைக் கண்டு விழித்துக்கொண்டவர்கள் நகராட்சி மன்றத்தினர். 2010இல் கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா மாவட்டமும், அதனையடுத்து சான் பிரான்சிஸ்கோ நகரமும், ஊட்டச்சத்து வரம்புக்குள் அடங்காத உணவுடன் பொம்மையை இலவசமாகக் கொடுக்கலாகாது என்று விதி செய்தன. சான் பிரான்சிஸ்கோவில் வரம்பு 600 கலோரி. பழமும் காய்கறியும் இருந்தாக வேண்டும். 2011 டிசம்பர் முதல் நாள் விதி நடைமுறைக்கு வந்தது. நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? பொம்மைக்கு 10 சென்ட் விலை வைத்தது. இலவசமாகக் கொடுத்தால்தானே குற்றம்! அந்தப் பத்து சென்டை அறப்பணிக்குத் தருவதாகவும் அறிவித்தது. வணிகரின் கூர்மதிக்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

எனினும் அதே 2011இல் வேறொன்றும் நடந்தது. அமெரிக்காவில் ஒவ்வொரு சிறுவர் பொட்டலத்திலும் ஆப்பிள் துண்டுகள் இடம்பெறும் என்றும், உருளைக்கிழங்கு வறுவலின் அளவு பாதிக்கும் கீழே குறைக்கப்படும் என்றும் நிறுவனம் அறிவித்தது. ஏறத்தாழ 68 கிராமாக இருந்தது 31 கிராமாயிற்று. 2013இல் சிறுவர் பட்டியலிலிருந்து குளிர்பானத்தின் பெயரை நீக்க ஒப்புக்கொண்டது. 2018இல் பாலாடைக்கட்டி பர்கரையும் அப்பட்டியலிலிருந்து எடுத்தது. விளம்பரத்துக்காகவே செய்தார்கள் என்று இவற்றை ஒதுக்குவது நீதியாகாது. 37 கிராம் வறுவல் குறைந்தது குறைந்ததுதான். ஆனால் இவ்வளவும் தாய்மார்களும் மருத்துவர்களும் மன்றங்களும் ஆண்டுக்கணக்கில் நெருக்கிய பின்னரே நடந்தன. சிலி நாடு 2012இல் இயற்றி 2016இல் நடைமுறைப்படுத்திய சட்டம் இன்னும் கடுமையானது. சர்க்கரையும் உப்பும் கொழுப்பும் மிகுந்த பொட்டலங்களின்மேல் கருநிற எண்கோண முத்திரை. அத்தகைய உணவுடன் பொம்மை கூடாது. அங்கே பத்து சென்ட் தந்திரத்துக்கு வேலையில்லை.

இந்தியாவுக்கு இக்கடைகள் வந்தது 1990களின் நடுவில். 1995இல் பெங்களூரில் கே.எஃப்.சி. திறந்த சில மாதங்களிலேயே, அஜினோமோட்டோ வரம்பை மீறியது என்று கூறி மாநகராட்சி அதனை மூட ஆணையிட்டது. கடை நீதிமன்றம் சென்று மீண்டும் திறந்தது. 1996இல் மெக்டொனால்ட்ஸ் டெல்லியில் தன் முதல் கடையை மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் இல்லாமல் தொடங்கியது. நம்பிக்கைகளை மதித்து உணவை மாற்ற இந்நிறுவனங்களுக்கு நன்றாகவே தெரியும் என்பதை அந்நாளே காட்டிற்று. சத்தின் பொருட்டு மாற்றுவதற்கு மட்டும் வெகுகாலம் ஆயிற்று. 2012இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் பர்கர், வறுத்த கோழி, சிப்ஸ், நூடுல்ஸ் முதலியவற்றை ஆய்வுக்கூடத்தில் சோதித்து, உப்பும் கொழுப்பும் மிகுந்திருப்பதை வெளியிட்டது. பள்ளிகளைச் சுற்றி இவ்வுணவுகள் விற்கப்படுவதை எதிர்த்து டெல்லி உயர்நீதிமன்றத்தில் நடந்த பொதுநல வழக்கு 2015இல் முடிவுற்றது. அதன் வழியே 2020இல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவைப் பள்ளி வளாகத்திலும் அதன் வாயிலிலிருந்து 50 மீட்டர் தொலைவுக்குள்ளும் விற்கலாகாது என்று விதித்தது. 2022 ஜனவரி முதல் எண்ணெய்களில் டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பதும் சட்டமாயிற்று. 2024இல் மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையுடன் சிறுதானிய பர்கர் ரொட்டி தென்னிந்திய மெக்டொனால்ட்ஸ் கடைகளுக்கு வந்தது. கம்பும் கேழ்வரகும் சோளமும் நம் பாட்டிமார் அடுப்பிலிருந்து பெங்களூர், சென்னைப் பேரங்காடிகளுக்குச் சுற்றுவழியாகப் போய்ச் சேர்ந்தன.

இனி நம் ஊருக்கு வருவோம்.

பழைய வண்ணாரப்பேட்டையில் சர் தியாகராயர் பெயரால் ஒரு கல்லூரி நிற்பதை அவ்வழியே போவோர் அறிவர். நீதிக்கட்சியை நிறுவியவர்களுள் ஒருவரான அவர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த காலத்தில், 1920 செப்டம்பர் 16 அன்று மன்றம் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளி மாணவர்க்கு நண்பகல் உணவு அளிக்கப்படும். செலவு தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படலாகாது. அப்பள்ளியின் பிள்ளைகள் ஏழைகள், பசியால் வருகை குறைகிறது என்பதே தலைவர் எடுத்துரைத்த காரணம். ஆயிரம் விளக்கு என்னும் பெயரே நவாப் குடும்பத்தார் எழுப்பிய தொழுகையிடத்தில் ஏற்றப்பட்ட விளக்குகளால் வந்தது என்பதை நம் இளையோர் பலர் அறியார்.

பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்குத் திட்டம் பரவியது. 1922–23இல் அவ்வைந்து பள்ளிகளிலும் 811 ஆக இருந்த மாணவர் தொகை 1924–25இல் 1,671 ஆயிற்று. இரண்டே ஆண்டுகளில் இருமடங்கு! ஆனால் 1925 ஏப்ரல் முதல் நாளில் சோறு நின்றது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவழிக்க அரசு இசையவில்லை. பள்ளிக்குப் பிள்ளை வரவேண்டும் என்பதற்கு உள்ள பணத்தை, பிள்ளையை வரவழைத்த சோற்றுக்குச் செலவிடக் கூடாதாம். ஏட்டுக்கணக்கில் அது பிழையற்ற முடிவாகவே இருந்திருக்கும்.

அக்காலத்தில் இராயபுரம் நகரத்துக்குள் இருந்தது. 1856 முதல் தொடர்வண்டி புறப்பட்ட ஊர், துறைமுகத்தை அடுத்த ஊர், சுமைதூக்குவோரும் மீனவரும் கப்பல் வேலையினரும் நிறைந்த ஊர். திருவொற்றியூரும் எண்ணூரும் நகர எல்லைக்கு வெளியே கிடந்தன. மாநகராட்சியின் சோறு அங்கே செல்ல வழியில்லை. (அவை மாநகராட்சியில் சேர்ந்தது 2011இல்தான்.) 1956இல் காமராசர் ஆட்சியில் பள்ளி மதிய உணவு மாநிலமெங்கும் பரவத் தொடங்கியபோது அந்த எல்லைக்கோடு பொருளற்றுப் போயிற்று. ஊரார் தந்த பொருளும் அரசு தந்த பணமும் சேர்ந்து நடந்த திட்டம் அது. 1961 முதல் கேர் நிறுவனம் அனுப்பிய பால்பவுடரும் எண்ணெயும் துணை நின்றன. எம்.ஜி.ஆர். 1982 ஜூலை முதல் நாள் தொடங்கிய சத்துணவுத் திட்டம் முதலில் சிற்றூர்களுக்கு. செப்டம்பர் 15 முதல் நகரங்களுக்கும் வந்தது. எண்ணூரில் அனல்மின் நிலையமும் மணலியில் சுத்திகரிப்பு ஆலையும் இயங்கிக்கொண்டிருந்த காலம். இரவு வேலை முடிந்து தந்தை வீடு திரும்புமுன் தாயும் வேலைக்குப் புறப்பட்டுவிடும் குடும்பங்களில் அந்த ஒருவேளைச் சோறு என்ன பொருள்பட்டது என்பதை விளக்கத் தேவையில்லை.

அதன்பின் நடந்தவற்றுள் எங்களுக்கு மிகப் பெரிதாகத் தோன்றுவது முட்டை. 1989இல் இரு வாரங்களுக்கு ஒன்றாக நுழைந்த முட்டை, படிப்படியாக ஏறி 2010இல் வாரத்துக்கு ஐந்தாயிற்று. பாசிப்பயறும் கொண்டைக்கடலையும் சேர்ந்தன. 2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மதுரையில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அரிசி அல்லது ரவை 50 கிராம், பருப்பு 15 கிராம் என்று கணக்கிட்டு உப்புமா, கிச்சடி, பொங்கல், காய்கறிச் சாம்பார் என்று நாள்தோறும் மாறும் பட்டியல். 2023இல் மாநிலத்து அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் அது விரிந்தது. முஸ்லிம் அமைப்புகள் நடத்தும் உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளும் இவ்விரிவில் அடங்கும். காய்கறியும் பருப்பும் தானியமுமாக அமைந்த அப்பட்டியலில் ஹலால் பற்றிய ஐயத்துக்கும் இடமில்லை.

இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்தால் ஒரு வேறுபாடு தெரிகிறது. அங்கே சிறுவர் உணவு சீர்பட்டது கழித்தலால்: வறுவல் குறைந்தது, குளிர்பானம் நீங்கியது. இங்கே சீர்பட்டது கூட்டலால்: முட்டை வந்தது, பயறு வந்தது, காலையும் வந்தது. ஒன்று மிகுதியைத் திருத்திய கதை, மற்றொன்று இன்மையைத் திருத்திய கதை. இன்று தண்டையார்ப்பேட்டையில் ஒரே பிள்ளை இரு கதைகளுக்குள்ளும் வாழ்கிறான். காலையில் பள்ளியில் பொங்கல். மாலையில் தெருமுனையில் செந்நிறக் கோழித்துண்டு. 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழும் நாட்டில் இப்பிள்ளை வளர்ந்து எப்பக்கம் சாய்வான் என்பது இனிவரும் பத்தாண்டுகளில் தெரிந்துவிடும்.

மூன்றாவது தட்டு ஒன்றும் நம்மிடம் உண்டு. ரமளானில் அஸர் தொழுகைக்குப் பின் தூக்குவாளியுடன் பள்ளிவாசல் வாயிலில் நிற்கும் பிள்ளைகளுக்கு ஊற்றப்படும் நோன்புக் கஞ்சி. அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால். எந்த மதத்துப் பிள்ளையும் வாளியோடு வரலாம். எந்த ஊட்டச்சத்துக் குழுவும் வகுக்காத, ஆனால் எந்தக் குழுவும் குறைசொல்லத் தயங்கும் உணவு. ஆண்டில் முப்பது நாள் மட்டுமே கிடைப்பது அதன் ஒரே குறை. அந்தக் கஞ்சியோடு தட்டில் வைக்கப்படும் சமோசாவும் பஜ்ஜியும் ஆண்டுக்காண்டு பெருகிவருவதை இங்கே குறிக்காமல் விடமுடியவில்லை. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததைப் பயானில் கேட்டுவிட்டு வந்தே அத்தட்டின் முன் அமர்கிறோம்.

பெரிய நிறுவனங்களை இன்று ஆணையமும் நீதிமன்றமும் கண்காணிக்கின்றன. வடசென்னைத் தெருக்களில் அவற்றைப் பார்த்துப் போட்ட சிறு கடைகளின் நிலை வேறு. பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் பயன்படுத்துவதற்கு 2018 ஜூலை முதல் வரம்பு உண்டு. ஆயினும் நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவழிக்கும் கடைகளே அதற்குப் பதிவேடு வைக்க வேண்டும். நான்கு லிட்டர் சட்டியுடன் நிற்கும் வண்டிக்காரரிடம் பதிவேடு கேட்பார் இல்லை. அவரும் நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவராகவே இருப்பார். அவரிடம் இறைச்சி ஹலாலா என்று நாம் கேட்பதில்லை, தெரிந்தவர் என்பதால். எண்ணெய் எந்தக் கிழமை ஊற்றியது என்று கேட்பதும் இல்லை.

பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டர் என்று சட்டம் சொல்லும் தொலைவு, இராயபுரத்துச் சந்துகளில் பெரும்பாலும் இரண்டு திருப்பங்களுக்குள் முடிந்துவிடும். அதற்குள் ஒரு மிட்டாய்க் கடை, ஒரு சிப்ஸ் கடை, மாலையில் ஒரு தள்ளுவண்டி. அவ்வெல்லைக்குள் இவ்வுணவுகள் விற்கப்படாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை விதி பள்ளி நிர்வாகத்திடம் ஒப்படைத்திருக்கிறது. பள்ளி நடத்தும் நம் அமைப்புகளின் அடுத்த கூட்டத்தில், கட்டடக் கணக்கு முடிந்த பிறகாவது, ஓர் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு வாயிலிலிருந்து நடந்து பார்க்கலாம்.