தண்டனைச் சட்டக்கோவையும் தோட்டத்துப் பிள்ளையும்: உக்குவளையிலிருந்து ஒரு நோக்கு

கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் புகையிரதப் பாதை 1880இல் திறக்கப்பட்டது. உக்குவளை அப்பாதையில் அமைந்த நிலையம். அதற்கு முன்னர், மன்னாரில் இறங்கிய தமிழகத் தொழிலாளர் தம்புள்ளை வழியே நடந்து மாத்தளையை அடைந்தனர். இப்பிரதேசத்தில் சட்டம் எவரைக் காத்தது என்ற வினாவை அவ்வரலாற்றிலிருந்தே தொடங்க வேண்டும் எனக் கருதுகிறோம்.

1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவை 1885 சனவரி முதலாம் நாள் நடைமுறைக்கு வந்தது. 1860ஆம் ஆண்டின் இந்தியச் சட்டமே அதன் முன்மாதிரி. பதினான்கு வயதிற்குட்பட்ட ஆண்பிள்ளையையோ பதினாறு வயதிற்குட்பட்ட பெண்பிள்ளையையோ பாதுகாவலரின் சம்மதமின்றி அழைத்துச் செல்வதையும் ஆசைகாட்டி இட்டுச் செல்வதையும் அது ஆட்கடத்தல் என்றது. தண்டனை ஏழாண்டு வரை சிறை. இங்கு நோக்கப்படுவது பிள்ளையின் சம்மதமன்று, பாதுகாவலரின் சம்மதமே.

‘ஆசைகாட்டி இட்டுச் செல்லல்’ என்ற கருத்து தோட்டங்களுக்குப் புதிதன்று. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், ஒப்பந்தத்திற்குட்பட்ட தொழிலாளியை வேறொருவர் ஆசைகாட்டி அழைத்துச் செல்வதைக் குற்றமாக்கியிருந்தது. முன்னறிவித்தலின்றி வேலையை விட்டகன்ற தொழிலாளியும் சிறை செல்ல நேர்ந்தது. பிள்ளை பெற்றோரின் காவலில் இருப்பதுபோல, வளர்ந்த மனிதன் துரையின் காவலில் இருந்தான்! துண்டு முறையும் தொழிலாளிக்கெதிரான இக்குற்றத் தண்டனைகளும் 1921இலேயே நீக்கப்பட்டன. பத்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கமர்த்துவதை 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடுத்தது. பதினொரு வயதுப் பிள்ளை கொழுந்து பறிக்கலாம் என்பதே அதன் மறுபக்கம்.

வாகனம் செலுத்துதல் பற்றிய பிரிவுகளையும் சுருக்கமாகக் குறிப்பிடலாம். கவலையீனமாக வாகனம் ஓட்டுதலைத் தண்டிக்கும் 272ஆம் பிரிவு, மோட்டார் வண்டி இத்தீவுக்கு வருமுன் மாட்டுவண்டியையும் குதிரைவண்டியையும் மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. மோட்டார் போக்குவரத்துச் சட்டம் 1951இலேயே வந்தது. ஆயினும் கவனயீனத்தால் மரணம் விளைவித்தோர்மீது இன்றும் பழைய கோவையின் 298ஆம் பிரிவின்கீழ் வழக்குத் தொடரப்படுகிறது.

பிள்ளைகளைப் பொறுத்தவரை பழைய கோவையில் ஒரு பெரும் இடைவெளி இருந்தது. வறுமையால் பெற்றோரே சம்மதித்துத் தரகரிடம் ஒப்படைத்த சிறுமி, கொழும்பு வீடொன்றில் எத்துணை துன்புற்றாலும், அவளை அழைத்துச் சென்றவன் ஆட்கடத்தற் குற்றவாளி ஆகான். சிறுவர்மீதான கொடுமையைத் தனிக் குற்றமாக்கிய 308அ பிரிவு 1995இலேயே சேர்ந்தது. 2006இன் திருத்தம், கட்டாய வேலைக்காகப் பிள்ளையைச் சேர்ப்பதில் அப்பிள்ளையின் சம்மதம் இருந்ததா இல்லையா என்பதைப் பொருட்படுத்தவில்லை. வேலைக்கமர்த்தும் ஆகக்குறைந்த வயது 2021இல் பதினாறாயிற்று. அவ்வாண்டு யூலையிலேயே, கொழும்பில் வீட்டுப்பணி செய்த மலையகச் சிறுமி ஒருத்தி தீக்காயங்களால் இறந்தாள். தோட்டப் பிள்ளைகளை நகருக்கு அனுப்பும் தரகர்களைப் பற்றி நாடு பேசத் தொடங்கியது அதன் பின்னரே.