ஆய்வக, பட்டறைப் பாதுகாப்புப் பயிற்சி

பல்கலைக்கழக ஆய்வகங்களிலும் பட்டறைகளிலும் மாணவர்கள் வேதிப்பொருள், காஸ் சிலிண்டர், சுழலும் இயந்திரம், உயர் மின்னழுத்தம், கதிரியக்கம், நுண்ணுயிர் ஆகியவற்றோடு வேலை செய்கிறார்கள். இவற்றால் வரக்கூடிய கேட்டை முன்கூட்டி அறியவும் தவிர்க்கவும், மீறி வந்துவிட்டால் முதல் சில நொடிகளில் செய்ய வேண்டியதைத் தடுமாறாமல் செய்யவும் கற்றுத்தருவதே பாதுகாப்புப் பயிற்சி. பெரும்பாலான கல்வி நிறுவனங்களில் இது ஆண்டுத் தொடக்கத்தில் நடக்கும் ஒரு வகுப்பாகவும், அதன் முடிவில் போடும் ஒரு கையெழுத்தாகவும் இருக்கிறது. சாப்பிடாதே, ஓடாதே, கண்ணாடி அணி, தலைமுடியைக் கட்டு என்ற பொது விதிகள் அதில் சொல்லப்படும். அவை தேவைதான். ஆனால் முறையாக விசாரிக்கப்பட்ட பெரிய விபத்துகளைப் படித்தால், கேடு ஒரு குறிப்பிட்ட வேலையின் ஒரு குறிப்பிட்ட படியில்தான் காத்திருந்தது என்பது தெரியும். ஆகவே பயிற்சியும் அந்த வேலையோடு ஒட்டியதாக, கையால் செய்து பழகுவதாக, பொறுப்புள்ள ஒருவர் பார்த்துச் சரி என்று ஒப்புவதாக இருக்க வேண்டும். அப்படி இல்லாதது பயிற்சி நடந்ததற்கான சான்று மட்டுமே.

2008 டிசம்பர் 29 அன்று லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், 23 வயது ஆய்வு உதவியாளர் ஒருவர் டெர்ட்-பியூட்டைல் லித்தியம் என்ற கரைசலைப் புட்டியிலிருந்து சிரிஞ்சால் எடுத்துக்கொண்டிருந்தார். காற்றுப் பட்டாலே தானாகத் தீப்பற்றும் பொருள் அது. சிரிஞ்சின் தண்டு கழன்று வெளியே வந்துவிட, கரைசல் சிந்தித் தீப்பிடித்தது. அவர் லேப் கோட் அணியவில்லை. உடுத்தியிருந்த செயற்கை இழை ஸ்வெட்டர் பற்றிக்கொண்டது. 18 நாள்கள் கழித்து இறந்தார். லேப் கோட் அணியாமல் வேலை செய்வதைச் சுமார் இரண்டு மாதங்களுக்கு முன்பே ஓர் ஆய்வக ஆய்வு குறித்திருந்தது. இந்தப் பொருளைக் கையாள அவருக்குப் பயிற்சி தரப்பட்டதற்கான ஆவணம் இல்லை என்று மாநிலத் தொழில் பாதுகாப்புத் துறை கண்டு, பல்கலைக்கழகத்துக்கு 31,875 டாலர் அபராதம் விதித்தது. பின்னர் ஆய்வகத் தலைவர்மீதும் பல்கலைக்கழக நிர்வாகக் குழுமீதும் குற்ற வழக்கே தொடரப்பட்டு, உடன்பாடுகளில் முடிந்தது. ‘ஆய்வகத்தில் கவனமாக இரு’ என்ற அறிவுரை இந்த இடத்தில் என்ன செய்திருக்கும்? எவ்வளவு நீளமான ஊசி, சிரிஞ்சை அதன் கொள்ளளவில் எதுவரை நிரப்பலாம், எந்த அளவுக்கு மேல் சிரிஞ்சை விட்டு மூடிய குழாய் வழியே மாற்ற வேண்டும், ஆடையில் தீப்பற்றினால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பவைதான் அங்கே தேவைப்பட்ட அறிவு. அவற்றை அந்த வேலை தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று, முதலில் ஆபத்தில்லாத திரவத்தை வைத்துப் பழக்கியிருக்க வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இங்கே அப்படியே பொருந்தும்.

ஓராண்டு கழித்து, 2010 ஜனவரி 7 அன்று டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் நடந்தது இன்னும் நெருங்கிப் படிக்க வேண்டிய விபத்து. நிக்கல் ஹைட்ரசீன் பெர்குளோரேட் என்ற வெடிபொருளை 100 மில்லிகிராமுக்கு மேல் செய்யக்கூடாது என்று அந்த ஆய்வுக் குழுவில் ஒரு வரம்பு இருந்தது. ஆனால் அது வாய்மொழியாக இருந்த வரம்பு. எழுதப்படவில்லை, எல்லாருக்கும் முறையாகச் சொல்லப்படவும் இல்லை. ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனியாகச் செய்யாமல் ஒரே தடவையில் போதிய அளவு செய்துகொள்ளலாம் என்று மாணவர்கள் சுமார் 10 கிராம் செய்தார்கள். அதாவது வரம்பைப்போல் நூறு மடங்கு. கரைப்பானில் நனைந்திருந்தால் வெடிக்காது என்று நம்பினார்கள். கட்டிகளை உடைக்க ஒரு மாணவர் கல்வத்தில் இட்டு மெல்ல அரைத்தார். வேலை முடிந்ததாக எண்ணிப் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிய பின், இன்னொரு முறை கிளறப் போனார். வெடித்தது. மூன்று விரல்கள் போயின, கண்ணிலும் காயம். அமெரிக்க வேதிப் பாதுகாப்பு வாரியம் ஒரு பல்கலைக்கழக ஆய்வக விபத்தை முழுமையாக விசாரித்தது இதுவே முதல் முறை. 2011-இல் வந்த அதன் அறிக்கை மாணவரின் கவனக்குறைவோடு நின்றுவிடவில்லை. அதே குழுவில் முன்பு இரண்டு முறை மயிரிழையில் தப்பிய சம்பவங்கள் நடந்தும், அவற்றிலிருந்து கிடைத்த பாடம் எழுதப்பட்டு அடுத்தடுத்து வந்த மாணவர்களைச் சேரவில்லை என்பதை அது எடுத்துக்காட்டியது. என் பார்வையில் அறிக்கையின் முதன்மையான கண்டுபிடிப்பு இதுதான். தொழிற்சாலையில் ஒருவர் இருபது ஆண்டு வேலை செய்வார். அவர் நினைவே ஒரு பாதுகாப்பு. பல்கலைக்கழகத்தில் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் ஆட்கள் முழுவதும் மாறிவிடுவார்கள். எழுதி வைக்காத அனுபவம் பட்டம் வாங்கியவரோடு வெளியேறிவிடும்.

பட்டறையிலும் கதை வேறல்ல. 2011 ஏப்ரலில் யேல் பல்கலைக்கழகத்தில், வேதியியல் கட்டடத்துப் பட்டறையில் இரவு நேரத்தில் தனியாக லேத்தில் வேலை செய்துகொண்டிருந்த இறுதியாண்டு மாணவி ஒருவர், சுழலும் பகுதியில் தலைமுடி சிக்கி இறந்தார். அந்த லேத் 1962-இல் செய்யப்பட்டது. உரிய காப்பு அமைப்புகள் இல்லை என்று கூட்டாட்சித் தொழில் பாதுகாப்பு அமைப்பு எழுதியது, பல்கலைக்கழகம் அந்த முடிவை ஏற்கவில்லை. அந்த வாதம் எப்படி இருந்தாலும், லேத் முன் நிற்பவர் முடியைக் கட்ட வேண்டும் என்பது பட்டறைக்குள் முதல் நாளே காதில் விழும் விதி. விதி தெரிவதற்கும் அது நள்ளிரவில், களைத்த நிலையில், சமர்ப்பிக்க வேண்டிய நாள் நெருங்கும்போது கைக்கு வருவதற்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தை நிரப்புவது இன்னொரு ஆள்: சுவிட்சை அணைக்கத் தெரிந்த, ‘தொப்பியைப் போடு’ என்று சொல்லத் தயங்காத ஒருவர். தனியாக இயந்திரத்தை ஓட்டக்கூடாது என்ற விதியைப் பயிற்சியின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும்.

பொது விதியின் எல்லையை இன்னும் கூர்மையாகக் காட்டுவது டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹானின் மரணம். நச்சு உலோகங்களை ஆராய்வதில் பெயர்பெற்ற அவர், 1996 ஆகஸ்டில் நச்சுப்புகையை வெளியேற்றும் ப்யூம் ஹூட்டுக்குள், கையுறை அணிந்து, டைமெத்தில் பாதரசத்தைக் கையாண்டபோது சில துளிகள் லேடெக்ஸ் கையுறைமீது விழுந்தன. அன்றைக்குப் பரிந்துரைக்கப்பட்ட எதையும் அவர் மீறவில்லை. 1997 ஜூனில் பாதரச நஞ்சால் இறந்தார். அந்தத் திரவம் அத்தகைய கையுறையைச் சில நொடிகளில் ஊடுருவிவிடும் என்பது பிறகு நடந்த சோதனையில் தெரிந்தது. ‘கையுறை அணிக’ என்ற சொல் முழுமையானதல்ல. எந்தப் பொருளுக்கு எந்தக் கையுறை, எத்தனை நிமிடம் தாங்கும் என்பதுவரை பயிற்சி போக வேண்டும். பரிசோதனை முடிந்த பிறகும், கருவியை அகற்றும்வரை, பயிற்சி தொடர வேண்டும். டில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் 1985 முதல் பயன்படாமல் கிடந்த கோபால்ட்-60 கதிர்வீச்சுக் கருவி 2010 பிப்ரவரியில் ஏலத்தில் பழைய இரும்பாக விற்கப்பட்டு, அந்நகரின் மாயாபுரிச் சந்தையில் பிரிக்கப்பட்டது. ஒரு தொழிலாளி உயிரிழந்தார். வேறு பலர் கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டார்கள். ஆய்வகத்தில் கால் வைத்தே இராத ஏழைத் தொழிலாளி அந்த ஆய்வகத்தின் அலட்சியத்துக்கு விலை கொடுத்தார் என்பதை மறக்கக்கூடாது.

பயிற்சியால் உண்மையில் பயன் உண்டா என்ற கேள்வி நியாயமானது. 2006-இல் அமெரிக்கப் பொதுச் சுகாதார இதழில் வந்த தொகுப்பாய்வு, 95 ஆய்வுகளில் ஏறத்தாழ 21,000 பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தது. விரிவுரை, துண்டறிக்கை, வீடியோ ஆகியவற்றைவிட, செய்து பழகி உடனுக்குடன் திருத்தம் பெறும் முறை அறிவையும் திறனையும் தருவதில் ஏறத்தாழ மூன்று மடங்கு பயனுள்ளது என்று கண்டது. ஆனால் 2012-இல் வந்த மற்றொரு முறையான மதிப்பாய்வு, பயிற்சி தொழிலாளரின் நடத்தையை மாற்றுகிறது என்பதற்கு வலுவான சான்று உண்டு என்றும், காயங்களைக் குறைக்கிறது என்று உறுதியாகச் சொல்லப் போதிய சான்று இல்லை என்றும் கூறியது. பயிற்சி வீண் என்பதற்குச் சிலர் இதை ஆதாரமாகக் காட்டுவார்கள். நான் அதை வேறு விதமாகப் படிக்கிறேன். காப்பு இல்லாத லேத், எழுதப்படாத வரம்பு, காலியான ஆய்வகம் ஆகியவை அப்படியே இருக்க, மாணவரின் நடத்தையை மட்டும் மாற்றினால் காயம் குறையாமல் போவதில் வியப்பில்லை.

இதிலிருந்தே அடுத்த மறுப்பு எழுகிறது: அப்படியானால் பயிற்சியை விட்டுவிட்டு இயந்திரத்தையும் கட்டடத்தையும் திருத்தலாமே? பாதுகாப்பு வல்லுநர்கள் சொல்லும் வரிசையும் அதுதான். முதலில் கேட்டையே நீக்கு. முடியாவிட்டால் மாற்றுப்பொருளைத் தேடு. பிறகு பொறியியல் தடுப்பு. அதன் பிறகே விதிமுறை. கடைசியில்தான் கண்ணாடியும் கையுறையும். தொழிற்சாலையில் இந்த வரிசையை மேலதிகாரிகளும் பொறியாளர்களும் செயல்படுத்துவார்கள், ஏனெனில் அங்கே ஒரே வேலை ஆண்டுக்கணக்கில் நடக்கும். ஆராய்ச்சி ஆய்வகத்தில் வேலை வாரந்தோறும் மாறும். எந்தப் பொருள், எவ்வளவு அளவு, எந்தக் கருவி என்று முடிவெடுப்பவர் பெரும்பாலும் மாணவரே. டெக்சாஸ் டெக்கில் 10 கிராம் என்று தீர்மானித்தவர்கள் மாணவர்கள்தான். அந்த முடிவெடுக்கும் முறையைக் கற்றுத்தராமல் பொறியியல் தடுப்பை மட்டும் நம்ப முடியாது.

விபத்துகள் அரியவை, இவ்வளவு ஏற்பாடு ஆராய்ச்சியின் வேகத்தைக் கெடுக்கும் என்பாரும் உண்டு. ஏறத்தாழ 2,400 அறிவியலாளர்களிடம் எடுத்த ஒரு கருத்துக்கணிப்பை நேச்சர் இதழ் 2013 ஜனவரியில் வெளியிட்டது. 86 விழுக்காட்டினர் தங்கள் ஆய்வகம் பாதுகாப்பானது என்றார்கள். ஆனால் கருத்துச் சொன்னவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஆய்வகத்தில் காயம்பட்டவர்கள். காயம் பழகிப்போனால் அது அரியதாகத் தோன்றும். வேகத்தைப் பொறுத்தவரை, ஒரு வெடிப்புக்குப் பின் ஆய்வகம் மூடிக்கிடக்கும் மாதங்களோடு ஒப்பிட்டால் அரை நாள் பயிற்சி ஒரு பொருட்டே அல்ல.

சட்டம் இந்த இடத்தில் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. பிரிட்டனின் 1974-ஆம் ஆண்டுச் சட்டம் ஊழியர் அல்லாதவரின் பாதுகாப்புக்கும் நிறுவனத்தைப் பொறுப்பாக்குவதால் மாணவர் அதில் அடங்குவார். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் ஊழியருக்கானது. யேல் மாணவி ஊழியர் அல்லர் என்பதால் அங்கே அபராதம் விதிக்கவே வழி இருக்கவில்லை. தென் கொரியாவில் 2003-இல் கைஸ்ட் என்ற ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தில் நடந்த வெடிப்பில் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் இறந்த பின், 2005-இல் ஆய்வகப் பாதுகாப்புக்கென்றே தனிச் சட்டம் இயற்றி, மாணவரையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். இந்தியாவின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் தொழிலாளரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. எனவே நம் கல்லூரிகளில் மாணவரைக் காப்பது பெரிதும் நிறுவனத்தின் சொந்த விதிகளையும் ஆசிரியரின் மனச்சான்றையும் பொறுத்தே இருக்கிறது.

பணமில்லை என்பது நம் ஊர்க் கல்லூரிகளில் கேட்கும் பதில். ப்யூம் ஹூட்டுக்கும் புதிய லேத்துக்கும் பணம் வேண்டும்தான். அளவு வரம்பைச் சுவரில் எழுதி ஒட்டவும், இருவர் இல்லாமல் இயந்திரத்தை ஓட்டக்கூடாது என்று முடிவு செய்யவும், அவசரக் குளியல் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று வாரம் ஒருமுறை திறந்து பார்க்கவும் பணம் வேண்டியதில்லை. செய்முறைத் தேர்வுக்கு வரும் ஒவ்வொரு மாணவரிடமும் ஒரு ரெக்கார்டு நோட்டு இருக்கிறது. அதில் நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, முடிவு என்று எழுதுகிறார்கள். செய்முறைக்கு முன் ‘இதில் என்ன கேடு, எப்படித் தவிர்ப்பேன்’ என்று ஒரு பகுதியைச் சேருங்கள். வைவாவில் அதையொட்டி ஒரு கேள்வி கேளுங்கள். அதற்கு மதிப்பெண் கொடுங்கள். மதிப்பெண் உள்ளதை நம் மாணவர்கள் படிப்பார்கள், பாடத்திட்டக் குழுக்கள் இதை அடுத்த கல்வியாண்டிலேயே செய்ய முடியும்.