உறைக்கயிறு

உறைக்கயிறு என்பது சுமை தாங்கும் இழைக்கற்றையை உள்ளே வைத்து, சுற்றிலும் நெருக்கமாகப் பின்னிய உறையால் மூடிய செயற்கை இழைக் கயிறு. மலையேற்றம், குகை ஆய்வு, தீயணைப்புத் துறையின் மீட்புப் பணி, உயரத்தில் தொங்கிச் செய்யும் பராமரிப்பு ஆகியவற்றில் மனித உயிர் இதை நம்பியிருக்கிறது. கடைகளில் கெர்ன்மேன்டில் ரோப் என்றே கேட்டு வாங்குகிறார்கள். திருப்பூர் வட்டாரத்துக்கு இது அந்நியப் பொருள் அல்ல. ஹூடியின் கழுத்திலும் டிராக் பேன்ட்டின் இடுப்பிலும் கோக்கும் டிராகார்டைப் பின்னுகிற எந்திர வகையில்தான் இதன் உறையும் பின்னப்படுகிறது. பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் நூற்பாலைகள் நிறுத்தியிருக்கும் காற்றாலைகளில் இறக்கையைப் பழுதுபார்ப்பவர் தொங்குவதும் இத்தகைய கயிற்றில்தான்.

முன்வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கயிறு என்றால் முறுக்கிய கயிறுதான். நாரை முறுக்கி நூலாக்கி, நூலை முறுக்கிப் புரியாக்கி, மூன்று நான்கு புரிகளை எதிர்த்திசையில் முறுக்கிக் கயிறாக்குவார்கள். கொங்குநாட்டில் கவலை இறைத்த காலத்து வடமும் இந்த முறையில் வந்ததே. ஐரோப்பாவில் மலை ஏறியவர்களிடம் சணலும் மணிலா நாரும் இருந்தன. 1865 ஜூலை 14 அன்று மேட்டர்ஹார்ன் சிகரத்தை முதன்முதலாக எட்டிய எட்வர்ட் விம்பரின் குழு இறங்கும்போது, ஒருவர் கால் தவறியதில் நால்வர் விழுந்து இறந்தனர். அவர்களை மற்ற மூவரோடு இணைத்திருந்த கயிறு அறுந்தது. குழு கொண்டுபோனவற்றில் வலுக்குறைந்த, பழைய கயிறு அது. அறுந்த துண்டு இன்றும் செர்மாட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நார்க்கயிறு நீண்டு கொடுக்காது, ஈரத்தில் உள்ளுக்குள்ளேயே மக்கும். அதனால்தான் அந்தக் காலத்து ஏறுநர்களுக்கு, முன்னால் போகிறவர் விழவே கூடாது என்பது விதியாக இருந்தது.

1935இல் அமெரிக்காவின் டூபான்ட் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸ் நைலான் 66ஐயும், 1938இல் ஜெர்மனியில் பால் ஷ்லாக் பெர்லான் என்ற பெயரில் நைலான் 6ஐயும் உருவாக்கினர். போர்க்காலத்தில் பாராசூட்டுக்குப் பயன்பட்ட இந்த இழை, போர் முடிந்ததும் மலைக்கு வந்தது. 1953இல் எவரெஸ்ட் ஏறிய குழுவிடம் நைலான் கயிறு இருந்தது. ஆனால் அந்தக் காலத்து நைலான் கயிறும் முறுக்கியதுதான். சுமை தாங்கும் ஒவ்வொரு புரியும் மாறி மாறி வெளியே வந்து பாறையில் உரசும். அதில் தொங்குகிறவர், முறுக்கு அவிழும் திசையில் சுழன்றுகொண்டே இருப்பார். ஒற்றை ஜெர்சி பனியனைத் துவைத்ததும் பக்கத்தையல் முன்பக்கம் திரும்பிவிடுகிறதே, ஸ்பைராலிட்டி என்று பின்னலாடைக்காரர் அலுத்துக்கொள்ளும் அந்தக் கோளாறுக்கும் முறுக்கின் இதே விசைதான் காரணம்.

தீர்வு வந்தது கயிற்றுப் பட்டறையிலிருந்து அல்ல, நாடாப் பட்டறையிலிருந்து. தெற்கு ஜெர்மனியில் ஈஸ்னி என்ற சிற்றூரில் 1863இல் யூலியுஸ் எடெல்மானும் கார்ல் ரிடரும் நாடாவும் பின்னல் கயிறும் செய்யத் தொடங்கிய நிறுவனம் எடெல்ரிட். 1953இல், எவரெஸ்ட் ஏறப்பட்ட அதே ஆண்டில், அது உறையிட்ட மலையேற்றக் கயிற்றைக் கொண்டுவந்தது. பின்னும் எந்திரம் அப்போதே பழையது: மான்செஸ்டரில் தாமஸ் வால்ஃபோர்டு 1748இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். உடைக்கு நாடா பின்னுகிற தொழில் இருநூறு ஆண்டுகள் பழகிய கைத்திறனே உயிர் காக்கும் கயிற்றுக்கு வழி திறந்தது. திருப்பூரின் நாடாக் கூடங்களில் வேலை செய்கிறவர்கள் தங்கள் தொழிலை எண்ணிப் பெருமைப்பட இது ஒன்றே போதும்.

அமைப்பு

உள்ளிருக்கும் கற்றையில் பல சிறு புரிகள் நீளவாக்கில் ஓடுகின்றன. பாதிக்கு எஸ் முறுக்கு, பாதிக்கு இசட் முறுக்கு. இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்வதால் தொங்குகிறவர் சுழல்வதில்லை. உறையைப் பின்னுவது, பின்னல் கோலாட்டத்தில் பெண்கள் ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு எதிரும் புதிருமாக வளைந்து ஓடுவது போன்றது. இங்கே 32, 40 அல்லது 48 பாபின்கள் ஓட, நடுவே கற்றை மேலேறுகிறது. சுமையின் பெரும்பங்கைக் கற்றை ஏற்கும். உரசலையும் வெயிலையும் அழுக்கையும் உறை ஏற்கும். உறை கற்றைமேல் வழுகாமல் இருக்க வேண்டும், அதே சமயம் கயிறு முடிச்சுக்கு மடியும் மென்மையும் வேண்டும். இந்த இரண்டையும் ஒருசேரக் கொண்டுவரும் இழுவிசையில்தான் பின்னுகிறவரின் தேர்ச்சி தெரியும்.

பின்னுவதற்கு முன் மலையேற்றக் கயிற்றின் நைலான் இழையை வெப்பத்தில் சுருங்கவிடுகிறார்கள். பனியன் துணியில் சுருக்கம் தொல்லை, அதைக் காம்பாக்டிங்கில் முன்கூட்டியே எடுத்துவிடுகிறோம். இங்கே அந்தச் சுருக்கமே கயிற்றின் நீட்சிக்குக் கையிருப்பு.

நீளும் கயிறும் நீளாக் கயிறும்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இந்தப் பகுதியை வைக்க வேண்டும். விழுகிற ஆளைக் காப்பது கயிறு அறுபடாமல் இருப்பது மட்டுமல்ல, அது எவ்வளவு மெதுவாக நிறுத்துகிறது என்பதும்தான். அறாத கயிறும் திடீரென நிறுத்தினால் முதுகெலும்பை உடைத்துவிடும்.

டைனமிக் எனப்படும் நீளும் கயிறு முன்னேறிச் செல்பவருக்கானது. ஈஎன் 892 என்ற ஐரோப்பியத் தரத்தின்படி, ஒற்றைக் கயிற்றில் 80 கிலோ எடையைக் கட்டி விழச்செய்தால் முதல் விழுகையில் விசை 12 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது, அதாவது ஏறத்தாழ 1,200 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு. அப்போது கயிறு 40 விழுக்காடு வரை நீளலாம். குறைந்தது ஐந்து விழுகைகளையாவது தாங்க வேண்டும். விழுந்த தூரத்தைவிட, அந்தத் தூரத்தை வெளியே விட்டிருக்கும் கயிற்றின் நீளத்தால் வகுத்துக் கிடைக்கும் விகிதமே முக்கியம். இரண்டு மீட்டர் கயிற்றில் நான்கு மீட்டர் விழுவது, இருபது மீட்டர் கயிற்றில் நான்கு மீட்டர் விழுவதைவிட மிகக் கொடியது. விழுகையின் ஆற்றலை வாங்கிக்கொள்ளக் கயிறு போதாது.

ஸ்டேட்டிக் என்று கடையில் சொல்லும் நீளாக் கயிறு, நிலையாகத் தொங்கவும் ஆளை ஏற்றி இறக்கவும் ஆனது. ஈஎன் 1891 தரத்தில் ஏ வகைக்கு 22 கிலோநியூட்டன் வலு வேண்டும். எடை 50 கிலோவிலிருந்து 150 கிலோவாகும்போது நீட்சி 5 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும். இதைக் கட்டிக்கொண்டு நங்கூரத்துக்கு மேலே ஏறி விழுந்தால் உடல் தாங்காது. மாறாக, நீளும் கயிற்றில் கிணற்றிலிருந்து ஆளைத் தூக்கினால் அவர் மேலும் கீழும் ஆடிச் சுவரில் மோதுவார். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். தடிமனைப் பார்த்து வாங்குவது ஆபத்து. நீளாக் கயிற்றின் உள்ளே ஓடும் மெல்லிய பட்டையில் தர எண்ணும் ஆண்டும் செய்தவர் பெயரும் ஒவ்வொரு மீட்டருக்குள்ளும் திரும்பத் திரும்ப அச்சிட்டிருக்க வேண்டும். முனையில் அதைத் தேடிப் படித்தே வாங்க வேண்டும்.

திருப்பூர் வட்டாரப் பயன்பாடு

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பி நிற்கும் காற்றாலைகளில், கோபுரத்தின் உள் ஏணியில் ஏறுவோருக்கு இரும்புக் கம்பியோ தண்டவாளமோ துணை. வெளியே இறக்கையில் வேலை என்றால் கயிறுதான், அதுவும் இரண்டு. ஒன்று வேலைக்கு, மற்றது காவலுக்கு, தனித்தனி நங்கூரங்களில். குகை ஆய்வாளர்களிடமிருந்து எண்ணெய்க் கிணற்று மேடைகளுக்குப் போன இந்த முறை, 1980களின் பிற்பகுதியில் பிரிட்டனில் தொழில்விதியாக உருப்பெற்றது. கொங்கு மண்ணின் ஆழமான கல்கிணறுகளில் தவறி விழுந்த ஆட்களையும் கால்நடைகளையும் எடுக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் நீளாக் கயிறே உரியது. கழிவுநீர்த் தொட்டிக்குள் பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. முக்காலியும் உடற்பட்டையும் கயிறும் வாங்கும் செலவைத் தவிர்த்து ஆளை இறக்குவது குற்றம், மன்னிக்கத் தகாதது.

இந்த வட்டாரத்தில் கயிற்றுக்குத் தனி எதிரி ஒன்று உண்டு. நைலானை அமிலமும் வெளுப்புப் பொருள்களும் அரிக்கும், பாலியெஸ்டரைக் கடுமையான காரம் அரிக்கும். சாயப்பட்டறையில் காஸ்டிக், பெராக்சைடு, அமிலம் எல்லாம் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. அமிலம் பட்ட கயிறு பார்வைக்குப் புதிதாகவே இருந்தும் வலுவிழந்திருக்கலாம். ஆகவே கெமிக்கல் ஸ்டோரிலும் ஜெனரேட்டர் பேட்டரி அருகிலும் கயிறு வைக்கக் கூடாது. உறை கிழிந்து கற்றை தெரிந்தாலோ, கையால் உருவும்போது ஓரிடம் மெலிந்தோ விறைத்தோ தென்பட்டாலோ, பெரிய விழுகையை ஏற்றிருந்தாலோ அதைக் கழிக்க வேண்டும். பயன்படுத்தாமலே பத்தாண்டு கடந்தாலும் பெரும்பாலான உற்பத்தியாளர் விதி அதுவே.

உற்பத்திக்கான வழி

தொழில்நுட்ப ஜவுளிக்காக 2020இல் ஒன்றிய அரசு 1,480 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தேசிய இயக்கம் ஒன்றை அறிவித்தது. தொழிற்சாலைப் பயன்பாட்டு ஜவுளிக்கான உயராய்வு மையம் கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் இருக்கிறது. குழந்தை உடையின் தலைமறைப்பில் டிராகார்டு கோப்பதைக் கட்டுப்படுத்தும் ஈஎன் 14682 விதியை ஏற்றுமதியாளர் நன்கு அறிவர். கயிறு கழுத்தை நெரிக்கக் கூடாது என்ற விதிக்குப் பழகியவர்களுக்கு உயிர் காக்கும் கயிற்றின் விதிகள் எட்டாதவை அல்ல. எந்திரப் பழக்கம் இருக்கிறது. தேவைப்படுவது உயர்வலு நைலான் இழையும், எடையை விழவிட்டுச் சோதிக்கும் கோபுரமும், ஒவ்வொரு லாட்டுக்கும் பதிவேடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016/425 ஒழுங்குமுறை, உயரத்திலிருந்து விழாமல் காக்கும் கருவிகளை மிகக் கடுமையான மூன்றாம் பிரிவில் வைக்கிறது. மாதிரி ஒருமுறை தேர்ச்சி பெற்றால் போதாது, உற்பத்தி நடக்கும் காலம் முழுவதும் அங்கீகாரம் பெற்ற வெளி அமைப்பின் கண்காணிப்பும் இருக்க வேண்டும்.