மனப்பிணியும் புத்தரின் மருத்துவமும்

நகுலபிதா என்னும் முதிய இல்லறத்தார் ஒருவர், மூப்பும் நோயும் தம்மை வாட்டிய காலத்தில் புத்தரை நாடிச் சென்றார். அடிக்கடி வந்து காண இயலாத நிலையை எடுத்துரைத்து, தமக்கு நலம் பயக்கும் சொல் ஒன்று வேண்டுமெனக் கேட்டார். உடல் பிணியுற்றாலும் உள்ளம் பிணியுறாதிருக்கப் பழகுக என்பதே அவர் பெற்ற விடையின் சாரம். சம்யுத்த நிகாயம் இச்செய்தியைக் கூறுகின்றது. உடலின் நோய் வேறு, உள்ளத்தின் நோய் வேறு என்று பிரித்துக் கண்டு, இரண்டாவதற்கு முறையான மருத்துவம் உண்டு என்று உணர்ந்த நெறி பௌத்தம். அம்மருத்துவம் கடந்து வந்த வரலாற்றையே, நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலர்வழியாக, நம் இளைஞர்கள்முன் வைக்க விழைகின்றோம்.

புத்தர் எல்லோர்க்கும் ஒரே உபதேசத்தைக் கூறியவர் அல்லர். கோசல மன்னன் பசேனதியின் கதை இதற்கு நல்ல சான்று. அம்மன்னன் ஒரு வேளைக்குத் துரோண அளவு அரிசிச் சோறு உண்பவன். உண்டபின் மூச்சு வாங்கும். ஒரு நாள் அந்நிலையில் அவன் வந்து அமர்ந்தபோது, அளவறிந்து உண்பதன் நன்மையைக் குறிக்கும் ஒரு சிறு பாடலைப் புத்தர் கூறினார். மன்னனின் பின்னால் நின்றிருந்த சுதஸ்ஸனன் என்னும் இளைஞனை அதை மனப்பாடம் செய்யச் சொன்னான் மன்னன். தான் உண்ணும் வேளைதோறும் அருகிலிருந்து ஓதவேண்டும் என்றும், அதற்கு நாளொன்றுக்கு நூறு கஹாபணம் கூலி என்றும் ஏற்பாடாயிற்று. நாளடைவில் அரசனின் உணவு ஒரு நாழி அளவுக்குக் குறைந்தது. (பாலி நூலில் உள்ள சொல்லும் ‘நாளி’ என்பதே, நம் பாட்டிமார் அரிசி அளந்த அதே நாழி!) மெலிந்த தன் உடலைத் தடவிப் பார்த்து அரசன் மகிழ்ந்தான் என்று அக்கதை முடிகின்றது.

இதில் அற்புதம் எதுவும் இல்லை, மந்திரமும் இல்லை. உரிய நேரத்தில் நினைவூட்டல், அதற்கென ஓர் ஆள், படிப்படியான குறைப்பு ஆகியவையே உண்டு. இலங்கையில் பிறந்து இலண்டனில் பணியாற்றிய உளவியல் அறிஞர் பத்மால் டி சில்வா, 1984ஆம் ஆண்டு எழுதிய ஆய்வுக் கட்டுரையில், இன்றைய நடத்தை மருத்துவ முறைகளை ஒத்தவை பழைய பௌத்த நூல்களிலேயே உள்ளன என்று எடுத்துக்காட்டினார்.

வேண்டாத எண்ணங்கள் மீண்டும் மீண்டும் வந்து அலைக்கழித்தால் என் செய்வது? மஜ்ஜிம நிகாயத்தின் இருபதாம் சூத்திரம் ஐந்து வழிகளைக் கூறுகின்றது. தச்சன் பருமனான ஆப்பை மெல்லிய ஆப்பால் அடித்து வெளியேற்றுவதுபோல் தீய எண்ணத்தை நல்லெண்ணத்தால் வெளியேற்றுவது முதல் வழி. அதன் தீங்கை எண்ணிப் பார்த்தல், கண்ணைத் திருப்பிக்கொள்வதுபோல் கவனத்தை விலக்குதல், எண்ணத்தின் வேகத்தைத் தணித்தல் என மற்றவை தொடர்கின்றன. பல்லைக் கடித்து அடக்குவது கடைசி வழி. பிள்ளைகளிடம் நாம் முதலில் கூறுவதோ இந்தக் கடைசி வழியைத்தான்!

பிற்காலத்தில் இவ்வறிவு பெரும் சாத்திரமாக வளர்ந்தது. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் புத்தகோசர் இயற்றிய விசுத்திமக்கம் என்னும் நூலில், மாந்தர் இயல்புகள் ஆறாகப் பகுக்கப்பட்டுள்ளன. ஆசை மிகுந்தோர், வெறுப்பு மிகுந்தோர், மயக்கம் மிகுந்தோர், நம்பிக்கை மிகுந்தோர், அறிவு மிகுந்தோர், எண்ணச் சுழற்சி மிகுந்தோர் என்பன அவை. தியானப் பொருள்கள் நாற்பது. இன்னாருக்கு இன்னது பொருந்தும் என்று ஆய்ந்து தருபவர் ‘கல்யாண மித்திரர்’, அதாவது நல்ல நண்பர் எனப்பட்டார். மருத்துவர் என்றோ குரு என்றோ கூறாமல் நண்பர் என்று பெயரிட்டமை கருதத்தக்கது. காஞ்சியில் தங்கியிருந்ததைப் புத்தகோசரே தம் உரையொன்றில் குறிப்பிடுகின்றார். உறையூரைச் சேர்ந்த புத்ததத்தர் சோழநாட்டில் அபிதம்மாவதாரம் என்னும் நூலை இயற்றினார். மனத்தைப் பகுத்தாயும் கலைக்குத் தமிழ் மண்ணும் பங்களித்துள்ளது.

ஒருவர் இயல்பை எவ்வாறு அறிவது? நடையைப் பார், உண்பதைப் பார், கூட்டுவதைப் பார் என்கின்றது விசுத்திமக்கம். ஆசை மிகுந்தவர் துடைப்பத்தைப் பாங்காகப் பற்றி, அவசரமின்றிச் சீராகப் பெருக்குவர். வெறுப்பு மிகுந்தவர் இறுகப் பற்றி, இருபுறமும் மணல் சிதற, ஓசையெழப் பெருக்குவர். மயக்கம் மிகுந்தவர் தளர்வாகப் பிடித்துக் குப்பையும் மண்ணும் கலக்கப் பெருக்குவர்.

இப்பகுதியை முதன்முறை படித்தபோது நாம் சற்று நேரம் நூலை மூடி வைத்தோம். நாம் பயின்ற தொடக்கப் பள்ளியில் துடைப்பம் நம் தெருப் பிள்ளைகளின் கைக்கு மட்டுமே வரும். பிறர் திண்ணையில் நின்று பார்ப்பர். நாம் மணல் சிதறவே பெருக்கினோம். அது நம் பிறவி இயல்பா, நம்மை அங்கே நிறுத்தியவர் தந்த இயல்பா? பௌத்த சங்கத்தில் துறவியர் அனைவரும் தம் இடத்தைத் தாமே பெருக்கினர். அதனால்தான் அங்கே துடைப்பம் உளவியலுக்குக் கருவியாக முடிந்தது.

மேலைநாட்டார் இக்கருவூலத்தைக் கண்டது அண்மையில்தான். தம்மசங்கணி என்னும் அபிதம்ம நூலைத் திருமதி ரைஸ் டேவிட்ஸ் 1900ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் தந்தார். 1979ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-சின், தீராத வலியால் வருந்துவோர்க்கு விழிப்புநிலைப் பயிற்சியைத் தொடங்கினார். மனச்சோர்வு மீண்டும் தாக்காதிருக்க டீஸ்டேல், வில்லியம்ஸ், சீகல் ஆகியோர் இதனை மேலும் வளர்த்தனர். 2000ஆம் ஆண்டு வெளியான அவர்தம் ஆய்வில், மூன்றுமுறைக்குக் குறையாமல் மனச்சோர்வுற்றவர்களில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோர் நூற்றுக்கு 66 பேர் மீண்டும் நோயுற்றனர். பயிற்சியும் பெற்றோரில் அது 37ஆகக் குறைந்தது. மருந்து வேண்டியவர்க்கு மருந்தும் வேண்டும் என்பதை இங்கே கூறிவைப்பது நம் கடமை. தியானத்தைக் காட்டி மருத்துவரிடம் செல்வதைத் தடுப்பது அறியாமை. 2022ஆம் ஆண்டு முதல் 14416 என்னும் தொலைபேசி எண்ணில் அரசின் மனநல ஆலோசனை கிடைக்கின்றது.

ஆயினும் ஓர் ஐயம் நம்மை விடுவதில்லை. புத்தர் இரண்டு அம்புகளைப் பற்றிக் கூறினார். உடலில் படும் துன்பம் முதல் அம்பு. அதை எண்ணி எண்ணி வருந்துவது, நமக்கு நாமே எய்துகொள்ளும் இரண்டாம் அம்பு. அறிவுடையோன் முதல் அம்பை மட்டுமே தாங்குவான். சிறந்த உவமைதான். ஆனால் முதல் அம்பை எய்தவன் எதிரிலேயே வில்லுடன் நின்றால்? இன்று பெருநிறுவனங்கள் தம் ஊழியர்க்குத் தியானம் கற்பிக்கின்றன; வேலைச்சுமையைக் குறைப்பதினும் அது மலிவு. இழிவைப் பொறுத்துக்கொள்ளப் பழக்கும் மருத்துவம் நமக்கு மருத்துவமாகாது.

அண்ணல் அம்பேத்கர் இவ்விடத்தில்தான் நமக்குத் துணை நிற்கின்றார். 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பௌத்தம் தழுவிய அவர் எழுதி, மறைவுக்குப்பின் 1957இல் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில், முதியவனையும் நோயாளியையும் பிணத்தையும் கண்டு சித்தார்த்தர் துறவு பூண்டார் என்னும் கதையை ஏற்கவில்லை. ரோகிணி ஆற்று நீருக்காகச் சாக்கியரும் கோலியரும் பகைத்தபோது, போரை எதிர்த்து நின்றமையாலேயே அவர் வெளியேற நேர்ந்தது என்கின்றார். துக்கம் தனிமனிதன் உள்ளத்தில் மட்டும் இல்லை; மனிதர் மனிதரை நடத்தும் முறையிலும் உள்ளது என்பதே இதனால் பெறப்படும் கருத்து. நம் பக்கத்தில், 1898ஆம் ஆண்டிலேயே சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்ட அயோத்திதாசப் பண்டிதர், நம் முன்னோர் இழிந்தோர் அல்லர், பௌத்தர் என்று கூறியதும் ஒரு மனமருத்துவமே எனலாம்.

தேரகாதையில் சுனீதர் என்னும் துறவி தம் பழைய வாழ்வைக் கூறுகின்றார். வாடிய பூக்களை அள்ளிக் கொட்டும் தொழில்; எல்லோரையும் பணிந்து, தன்னைத் தாழ்த்திக்கொண்ட மனம். தெருவில் புத்தர் வந்தபோது சுமையை இறக்கிவிட்டு வணங்கச் சென்றார். புத்தர் அவர்பொருட்டே நின்றார், சங்கத்திற்கு அழைத்தார்.

நம் பகுதி மாணவன் ஒருவன், சில ஆண்டுகளுக்குமுன், நகரக் கல்லூரியிலிருந்து ஒரு மாதத்தில் திரும்பி வந்துவிட்டான். விடுதியில் அவன் மதிப்பெண்ணையும் இடஒதுக்கீட்டையும் சேர்த்துச் சிலர் நகைத்திருந்தனர். அவன் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். தலைமையாசிரியர் அல்லவா, நாம் சென்று ஒரு மணிநேரம் தைரியம் பேசினோம். அவன் திரும்பவே இல்லை. அடுத்த முறை பேசாமல் அருகே அமர்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தோம். மூன்றாம் முறை, “ஐயா, தண்ணி குடிக்கிறீங்களா?” என்று அவனாகவே கேட்டான். பிறகு பேசினான், இருட்டும்வரை பேசினான். யார் என்ன சொன்னார்கள், அப்போது உடல் எப்படி நடுங்கியது, இரவில் எந்தச் சொல் திரும்பத் திரும்ப வந்தது என்றெல்லாம் கூறினான். நாம் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தோம்.

இரண்டு வாரம் கழித்து, சங்கச் செயலாளரும் நாமும் அவனுடன் கல்லூரிக்குச் சென்றோம். முதல்வருக்குரிய புகார் மனுவை அவனே தன் கையால் எழுதினான். நாம் அதில் இரண்டு எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தினோம்.