கல்தூணும் கணக்கேடும்: சென்னை வானியலில் தரவின் பயணம்

சென்னையின் வானியல் வரலாற்றை 1899-இல் முடித்துவிடுவது வழக்கம். அந்த ஆண்டு நுங்கம்பாக்கத்து வானாய்வுப் பணி கொடைக்கானல் மலைக்கு ஏறிப்போனது. நகரத்துக்கு மிஞ்சியவை வானிலைக் குறிப்புகளும் நேரம் அறிவிக்கும் கடமையும்தான். தொலைநோக்கி இருக்கும் இடமே வானியல் நடக்கும் இடம் என்று கொண்டால் இந்த முடிவு சரி. நுங்கம்பாக்கத்தில் வேலை நடந்த விதத்தைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே உழைப்பின் பெரும்பகுதி, கண் தொலைநோக்கியை விட்டு விலகிய பிறகுதான் தொடங்கியது. ஆகவே இக்கட்டுரை பின்தொடர்வது தொலைநோக்கிகளை அல்ல. அவை தந்த எண்களை.

வில்லியம் பெட்ரி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி 1786-இல் எழும்பூரில் தம் சொந்தச் செலவில் ஒரு வானாய்வுக்கூடம் வைத்திருந்தார். அதன் கருவிகளுக்காக மைக்கேல் டாப்பிங் வடிவமைத்த கட்டடம் 1792-இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்தது. கருவியைத் தாங்க நிறுத்திய கருங்கல் தூண் 15 அடி உயரம், 10 டன் எடை. கூடம் நிறுவப்பட்ட செய்தியை அதில் தமிழிலும் தெலுங்கிலும்கூடப் பொறித்தார்கள். காலேஜ் ரோட்டில் இன்றைய வானிலை மைய வளாகத்தில் அந்தத் தூண் இன்னும் நிற்கிறது. கம்பெனிக்கு நட்சத்திரங்கள்மேல் தனிக் காதல் இருந்ததாகச் சொல்ல முடியாது. கப்பலுக்கும் நில அளவைக்கும் தீர்க்கரேகை வேண்டும். அதற்கு வானம் வேண்டியிருந்தது.

வேலை எப்படி நடந்தது? வடக்கு தெற்காக மட்டும் அசையும்படி பொருத்திய தொலைநோக்கியில், ஒரு நட்சத்திரம் உச்சிக்கோட்டைக் கடக்கும் நொடியையும் அப்போதைய உயரத்தையும் குறித்துக்கொள்வார்கள். அந்தக் குறிப்பு அப்படியே பயன்படாது. காற்று ஒளியை எவ்வளவு வளைத்தது, கடிகாரம் எவ்வளவு பிந்தியது, கருவி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, பூமியின் அச்சு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கழித்துக் கூட்டிய பிறகுதான் நட்சத்திரத்தின் இருப்பிடம் கிடைக்கும். ஓர் இரவின் குறிப்பு பல பகல்களின் கணக்கைக் கேட்கும். கூடத்தின் வானியலாளர் டி. ஜி. டெய்லர் 11,015 நட்சத்திரங்களின் பட்டியலை 1844-இல் இப்படித்தான் முடித்தார்.

தரவு சேர்ந்தால் அதிலிருந்து பார்க்காததையும் ஊகிக்கலாம் என்ற ஆசை வருகிறது. டெய்லருக்குப் பின் வந்த கேப்டன் டபிள்யூ. எஸ். ஜேக்கப், 70 ஆஃபியூக்கி என்ற இரட்டை நட்சத்திரத்தின் சுற்றுப்பாதை கணக்கோடு ஒத்துவராததைக் கண்டு, அங்கே ஒரு கோள் இருக்கக்கூடும் என்று 1855-இல் எழுதினார். சூரியனல்லாத ஒரு நட்சத்திரத்தைக் கோள் சுற்றுகிறது என்று அளவீட்டை வைத்துச் சொன்ன மிகப் பழைய கூற்றுகளுள் ஒன்று இது. கோள் பொய்யாகிவிட்டது. முறை பொய்யாகவில்லை: நட்சத்திரத்தின் தள்ளாட்டத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத துணையைத் தேடுவது இன்றும் நடக்கிறது.

1861-இல் கூடத்தின் பொறுப்பேற்க வந்த நார்மன் போக்சனைப் பற்றி நிதானமாகவே பேச வேண்டும். மெட்ராசுக்கு வருமுன்பே, 1856-இல், நட்சத்திர ஒளிக்கு அவர் ஓர் அளவுகோல் முன்மொழிந்திருந்தார். ஒளியளவில் ஐந்து படி வேறுபாடு என்றால் ஒளியில் சரியாக நூறு மடங்கு வேறுபாடு; ஒரு படிக்கு ஏறத்தாழ 2.512 மடங்கு. இங்கு வந்த சில வாரங்களில் ஒரு சிறுகோளைக் கண்டு, ஆசியாவிலிருந்து முதலில் கண்டது என்பதால் அதற்கு 'ஆசியா' என்றே பெயரிட்டார். மேலும் நான்கு சிறுகோள்கள் கிடைத்தன. அவற்றுள் 1866-இல் கண்ட சில்வியாவுக்கு இரண்டு துணைக்கோள்கள் உண்டு என்பது, ஹவாயிலும் சிலியிலும் உள்ள ராட்சதத் தொலைநோக்கிகளின் படங்களிலிருந்து 2001-க்கும் 2005-க்கும் இடையில் தெரியவந்தது.

ஆனால் போக்சன் பார்த்த அளவுக்குக் கணக்கு முடியவில்லை. உதவியாட்கள் குறைவு. அவர் மகள் ஐசிஸ் 1873 முதல் கணக்காளராக வேலை பார்த்தும் நிலுவை கரையவில்லை. 1862 முதல் 1887 வரை எடுத்த அளவீடுகளில் ஒரு பகுதி, 1891-இல் போக்சன் இறந்த பிறகே, அடுத்து வந்த மிச்சி ஸ்மித்தின் பொறுப்பில் அச்சேறியது. இதைப் போக்சனின் குறையாக எழுதுவோர் உண்டு. எனக்கு அது, கருவி தருவது கணக்குப்போடும் கைகளை மீறிய தருணமாகவே படுகிறது.

அந்த அளவீட்டு ஏடுகளிலிருந்துதான் கூடத்தின் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி எழுந்து வந்தார். பட்டியலுக்காக அளந்துகொண்டிருந்தவர், ஒரே நட்சத்திரத்துக்கு வெவ்வேறு ஆண்டுகளில் குறித்த ஒளியளவுகள் ஒத்துப்போகவில்லை என்பதைக் கண்டார். 1867-இல் ஆர் ரெட்டிகுலி மாறொளி நட்சத்திரம் என்று அறியப்பட்டது இப்படித்தான். சுமார் 280 நாட்களுக்கு ஒருமுறை அது பொலிந்து மங்குகிறது. கிரீனிச்சிலிருந்து அதைப் பார்க்கவே முடியாது. சென்னையிலிருந்தும் தெற்கே தொடுவானத்துக்கு மேல் 14 பாகைதான் எழும். அன்று அந்தப் பக்கம் மாம்பலம் ஏரி கிடந்தது. ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை அமைத்தது 1920-களில். இன்று பாண்டி பஜார் விளக்குகளைத் தாண்டி அந்த உயரத்தில் மங்கலான எதையும் பார்க்க நினைப்பது வீண்.

1872-இல் லண்டன் ராயல் வானியல் கழகம் ரகுநாதாச்சாரியை உறுப்பினராக்கியது. மயிலாப்பூர் வீடுகளில் இன்றும் ஓயாத வாக்கியமா, திருக்கணிதமா என்ற பஞ்சாங்க வழக்கில் அவர் நின்றது திருக்கணிதத்தின், அதாவது புதிய அளவீடுகளின் பக்கம்.

அதே 1872-இன் நவம்பர் இறுதியில் ஜெர்மனியின் கோட்டிங்கனிலிருந்து வானியலாளர் கிளிங்கர்ஃபூஸ் போக்சனுக்கு ஒரு தந்தி அடித்தார்: பீலா வால்மீன் பூமியை உரசிச் சென்றிருக்கலாம், தென்வானில் தேடுங்கள் என்று. டிசம்பர் 2, 3 தேதிகளில் போக்சன் ஒரு வால்மீனைப் பார்த்தும்விட்டார். பிறகு மேகம் மூடியது. அது பீலாதானா என்ற கேள்வி தீரவேயில்லை. ஒரு கண்டத்தில் எழும் ஐயத்துக்கு இன்னொரு கண்டத்துத் தொலைநோக்கி இரண்டே நாளில் திரும்பியதுதான் இதில் முக்கியம். காமாக் கதிர் வெடிப்பு என்றதும் உலகெங்கும் செய்தி பறக்கும் இன்றைய ஏற்பாட்டுக்கு இது ஒரு முன்னோடி.

கருவிகள் போன பிறகும் நகரத்தில் கணக்கு நிற்கவில்லை. மயிலாப்பூர் 'சந்திர விலாஸ்' வீட்டிலிருந்து மாநிலக் கல்லூரிக்குப் போய்ப் படித்த எஸ். சந்திரசேகர், 1930-இல் கப்பலேறிய பயணத்திலேயே வெள்ளைக் குள்ளன் நட்சத்திரங்களின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்ற கணக்கைத் தொடங்கினார். தொலைநோக்கியில் அவருக்கு வேலையே இல்லை. ஆயினும் 1999 ஜூலையில் ஏவிய எக்ஸ் கதிர் விண்தொலைநோக்கிக்குச் சந்திரா என்றே பெயர். மயிலாப்பூர் வீட்டில் கருத்தரங்கு நடத்திவந்த அல்லாடி ராமகிருஷ்ணன் 1962-இல் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனம் இன்று தரமணியில் இருக்கிறது. 1989-இல் தி. நகரில் முளைத்துப் பிறகு சிறுசேரிக்குப் போன சென்னைக் கணிதவியல் கழகத்தின் பெயர், ஈர்ப்பலையைக் கண்டதாக அறிவித்த 2016 கட்டுரையில் இருக்கிறது.

சந்திரா அனுப்புவது நாம் எண்ணுகிற மாதிரிப் படம் அல்ல. ஒவ்வோர் எக்ஸ் கதிர்த் துகளும் வந்த நேரம், உணரியில் விழுந்த இடம், ஆற்றல் என்று ஒரு நீண்ட பட்டியல். மங்கலான மூலத்திலிருந்து பல மணி நேரத்தில் சில துகள்களே வரும். விண்கலத்தின் அசைவைக் கழிக்க வேண்டும், பழுதான புள்ளிகளை ஒதுக்க வேண்டும், பின்னணி இரைச்சலை நீக்க வேண்டும். டெய்லரின் கணக்காளர் இதைப் பார்த்தால் மிரளமாட்டார். வேறுபாடு வேறிடத்தில்: குறிப்பிட்ட காலத்துக்குப் பின் இந்தத் தரவு எல்லோருக்கும் திறக்கப்படுகிறது. 2015-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏறிய ஆஸ்ட்ரோசாட்டின் தரவும் பொதுவுக்கு வருகிறது. அடையாற்றில் மாடியறை எடுத்துத் தங்கியிருக்கும் ஆய்வு மாணவருக்கு வேண்டியது இணையமும் பொறுமையும்.

நுங்கம்பாக்கத்தின் நேர் வாரிசு பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம். 1786-ஐயே தன் தொடக்கம் என்கிறது. ஆதித்யா எல்-1 விண்கலத்தில் சூரியனின் ஒளிவளையத்தைப் பார்க்கும் கருவியை உருவாக்கியது அதுதான். 2024 ஜனவரி 6 முதல் அந்தக் கருவி பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது.

2022-இல் வந்த கையா விண்கலத்தின் மூன்றாம் பட்டியலில் சுமார் 180 கோடி ஒளிமூலங்கள் உள்ளன. அவற்றின் ஒளியளவுக்கு எதிரே இருக்கும் எண் போக்சனின் அளவுகோலில்தான் எழுதப்பட்டிருக்கிறது. பாண்டி பஜார் விளக்குகளுக்குப் பின்னால் மறைந்துபோன ரகுநாதாச்சாரியின் நட்சத்திரமும் அந்தப் பட்டியலில் ஒரு வரி.